ஹெச்டி 600-லிருந்து 800 எஸ்: காசு எங்கே கேட்கிறது?

நடுநிசிக்காது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் ஹெச்டி 600. ஏழு வருடமாக இந்த ஒன்றேதான். மற்ற ஹெட்போன்களைக் காதில் வைப்பதையே தவிர்த்து வந்தேன், கேட்டால் ஆசை வந்துவிடும் என்று. இப்போது வினை வீடு தேடி வந்துவிட்டது. மூன்று வாரம் வெளியூர் போகும் நண்பர் ஒருவர், "பெட்டியில் சும்மா கிடப்பதற்கு நீ கேளேன்" என்று தன்னுடைய ஹெச்டி 800 எஸ்-ஐ (அதே கம்பெனிதான்) கையில் திணித்துவிட்டுப் போனார்.

முதல் ராத்திரி தூங்கவில்லை. ஒரு பியானோ ரெக்கார்டு, நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இரண்டாவது நிமிடத்தில் வாசிப்பவர் பெடலிலிருந்து காலை எடுக்கிறார், மெல்லியதாக ஒரு "டொப்". அப்படி ஒரு சத்தம் அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. உடனே 600-ஐ மாட்டிக் கேட்டேன். அதிலும் இருக்கிறது! ஏழு வருடமாக இருந்திருக்கிறது. 800 எஸ் அதை விரல் நீட்டிக் காட்டியது, 600 காட்டவில்லை, அவ்வளவுதான். குற்றம் ஹெட்போன்மீதா என் காதின்மீதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

அடுத்தது ஆர்க்கெஸ்ட்ரா. 600-ல் இடது, நடு, வலது என்று மூன்று குவியலாகக் கேட்கும். 800 எஸ்-ல் தோளுக்கு அப்பால் ஒருவர், கொஞ்சம் பின்னால் ஒருவர் என்று ஆளாளுக்கு இடம் பிரித்துக் கொடுத்து உட்கார வைத்தது போல இருந்தது.

நான்காம் நாள்தான் சந்தேகம் வந்தது. எனக்குப் பிடித்த பெண்குரல் பதிவு ஒன்றில் ஒவ்வொரு "ஸ"வும் ஊசி. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டேன். மிருதங்கத்தில் வலந்தலை துல்லியம், ஆனால் தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு) எடை போதவில்லை. பழைய மோனோ பதிவுகளில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகிறவை, நான் பாதி நேரம் கேட்பது அவைதான்) நாடாவின் இரைச்சல்தான் கூடுதலாகக் கிடைத்தது. அங்கே தோளும் இல்லை, அப்பாலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 800 எஸ்-ஐக் கழற்றி 600-ஐ மாட்டினால் பாடகர் வாயில் துணி கட்டியது போல இருக்கிறது. இருபது நிமிடம் பொறுத்தால் துணி தானாக அவிழ்ந்துவிடுகிறது. அப்படியென்றால் நான் கேட்ட வித்தியாசத்தில் எவ்வளவு நிஜம்?

விலை 600-ஐப் போல நான்கைந்து மடங்கு. ஒலியும் அத்தனை மடங்கு இருக்காது என்று தெரியும், குழந்தையில்லை. ஆனால் எத்தனை பங்கு இருக்கிறது? மாறியவர்கள், மாறித் திரும்பியவர்கள் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவன் நான். ஹெட்போனை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சாதாரண மேஜை ஆம்ப்.

எல்லைதாண்டி:

பாதிக் கிணறு தாண்டாதீர்கள். 800 எஸ் வாங்கினால் ஆறு மாதத்தில் அதற்கும் மேல்தட்டு ஹெட்போனான ஃபோக்கல் யுடோப்பியாவைத் தேடுவீர்கள், அடுத்து ஹைஃபைமேன் சுஸ்வாரா. நான் அப்படித்தான் போனேன். முதலிலேயே கடைசிக்குப் போயிருந்தால் நடுவில் வாங்கி விற்ற நஷ்டம் மிச்சம். சுஸ்வாராவில் குரல் கேட்டால் உங்கள் "ஸ" பிரச்சினை எல்லாம் மறந்துபோகும்.

சால்டரிங் தாத்தா:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். ஏழு வருடத்தில் இயர்பேட், அதாவது காதைச் சுற்றிப் படிகிற மெத்தை, எத்தனை தடவை மாற்றினீர்கள்?

"அதை வேறு மாற்ற வேண்டுமா" என்பது உங்கள் பதிலானால், தேய்ந்த செருப்பையும் புதுச் செருப்பையும் போட்டுப் பார்த்துவிட்டுக் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 600-ன் பேட் உள்ளே வெறும் பஞ்சு. நாளாக ஆகச் சப்பையாகிவிடும். காது ட்ரைவரை (ஒலியை எழுப்பும் பாகத்தை) நெருங்கும், சில சமயம் உரசவே செய்யும். அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியும் ஒலியின் ஒரு பகுதிதான், அதை நம்பித்தான் ட்ரைவரையே சரிசெய்திருக்கிறார்கள். ட்ரைவருக்கு முன்னால் வட்டமாக ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் இருக்கும், அதுவும் பழசானால் பொடிப்பொடியாக உதிரும். 600-ல் இவை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாட்டலாம். 1997-ல் வந்த சரக்குக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது என்பதை விலையைப் பற்றிப் பேசும்போது யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

இரண்டாவது, சத்தம். எப்போதோ இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டு இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். "காற்றோட்டம்", "ஆழம்", "கறுத்த பின்புலம்" என்றெல்லாம். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தால் நான் புகழ்ந்த ஆம்ப் கிட்டத்தட்ட ஒரு டெசிபல் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. சமப்படுத்தியதும் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், தலைக்கனம் ஏறும்போது எடுத்துப் படிக்க. ஒரு டெசிபல் என்பது நமக்குச் "சத்தம்" என்று தெரியாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் தெரியும்.

உங்கள் இரண்டும் 300 ஓம்தான். அதனால் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓம் என்பது மின்தடை, உணர்திறன் என்பது அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. ஓம் வேறு, உணர்திறன் வேறு. கனமான அட்டையில் துளை போட்டு மைக்கை அதில் பொருத்துங்கள், ஹெட்போனை அட்டைமேல் படிய வையுங்கள், பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான ஒருவகை இரைச்சல்) ஓடவிட்டு இரண்டுக்கும் ஒரே அளவு காட்டும் இடத்தைக் குமிழில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 500-லிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டிய நாய்ஸ் இருந்தால் இன்னும் நல்லது, பேஸும் ட்ரெபிளும் கணக்கைக் குழப்பாது. ஆய்வுக்கூடத் துல்லியம் வராது. மோசம் போகாமல் இருக்க இது போதும்.

சரி, "ஸ" விஷயம். 2009-ல் வந்த முதல் ஹெச்டி 800-ல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. 2016-ல் வந்த எஸ்-ல் அந்த ஒத்ததிர்வை உறிஞ்ச உள்ளே ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். நீங்கள் கேட்பது அடக்கிய பிறகு மிஞ்சியது. "ஸ" வாழ்கிற இடமும் ஏறக்குறைய அதுதான், ஊசி குத்துவதில் ஆச்சரியமில்லை. ஈக்யூவில் (ஈக்வலைசரில்) 6 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையுங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றுங்கள். தொப்பிக்குக் கொஞ்சம் சதை போடும்.

ஈக்யூவால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. 800 எஸ்-ல் 56 மில்லிமீட்டர் வளைய வடிவ ட்ரைவர், காதுக்கு முன்பக்கமாகத் தள்ளி, சாய்த்து, பெரிய கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒலி காதுமடலில் பட்டு உள்ளே போகிறது, எதிரே இருப்பதிலிருந்து வருவது போல. உங்கள் தோளுக்கு அப்பால் உட்கார்ந்த ஆள் அங்கேதான் பிறக்கிறார். 600-ல் எத்தனை குமிழைத் திருகினாலும் அவர் வரமாட்டார். கூடுதல் விலையில் காதுக்குத் தெரிகிற பங்கு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மோனோவில் அவருக்கு வேலையே இல்லை, அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மற்றபடி விலைக்கும் ஒலிச்சமநிலைக்கும் உறவு தேடாதீர்கள். ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் வளைவுகளை (பேஸிலிருந்து ட்ரெபிள் வரை எது எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை) விலையோடு பொருத்திப் பார்த்தார். தொடர்பு இல்லை என்பதுதான் முடிவு, கட்டுரையின் தலைப்பே அதுதான். மேல்மட்ட விலையில் பெரும்பகுதி குறைந்த எண்ணிக்கையில் செய்கிற செலவு, உலோகம், அச்சு, பெயர். 600-க்குப் போட்ட முதலீட்டை எப்போதோ எடுத்திருப்பார்கள், அதனால்தான் அது இன்னும் அந்த விலையில் நிற்கிறது.

இருபது நிமிடத்தில் துணி அவிழ்கிறது என்றீர்களே, அது நிஜம். காது பழகிக்கொள்ளும். ஆகவே மாற்றி மாட்டிய முதல் நிமிடத்தில் எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

கண்ணாடிக்காரி:

தாத்தா ஒலியைச் சொல்லிவிட்டார், நான் தலையைச் சொல்கிறேன். ஹெச்டி 600 260 கிராம், 800 எஸ் 330 கிராம். எடையில் 800 எஸ் அதிகம், ஆனால் என் அனுபவத்தில் அதுதான் லேசு. 600 புதிதில் தலையை இடுக்கி போலப் பிடிக்கும், கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால் பள்ளம் தோண்டும். 800 எஸ் தலையில் உட்காருகிறது, பிடிப்பதில்லை. மூன்று மணி நேரம் வேலை செய்துகொண்டே கேட்பவளுக்கு இது "சவுண்ட்ஸ்டேஜ்" (ஒலி விரிந்து இடம் பிரிந்து கேட்பது) என்ற சொல்லைவிடப் பெரிய விஷயம். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் கொஞ்ச நாள் வைத்திருந்தேன், 612 கிராம். பேஸ் அபாரம், கீழே இறங்க இறங்கக் குரல் தளராத பாகவதர் மாதிரி. கழுத்து ஒத்துழைக்கவில்லை. விற்றுவிட்டேன், வருத்தம் இன்னும் உண்டு.

கண்ணாடிக் கம்பி பேடுக்கு அடியில் சந்து விடும், அதன் வழியாக பேஸ் கசியும். மூடிய வகை ஹெட்போன்களில் இது கொடுமை. ஓப்பன் பேக்கில் (பின்பக்கம் திறந்த வகையில், வெளிச்சத்தம் உள்ளே வரும்) அவ்வளவு இல்லை என்றாலும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மிருதங்கத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

எல்லைதாண்டி அவர்களுக்கு ஒரு வார்த்தை. சுஸ்வாராவின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல், 60 ஓம். இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் விட வேண்டுமானால் 27 டெசிபல் ஏற்ற வேண்டும், அதாவது ஒரு மில்லிவாட்டை 500 ஆக்க வேண்டும். கிட்டத்தட்ட 5.5 வோல்ட். அதே உச்சத்துக்கு எல்சிடி-எக்ஸ் கேட்பது 5 மில்லிவாட். "சாதாரண மேஜை ஆம்ப்" வைத்திருப்பவரிடம் சுஸ்வாரா வாங்கச் சொல்கிறீர்கள், ஆம்புக்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் அறையில் மின்விசிறி ஓடுகிறதா? இரண்டுமே ஓப்பன் பேக். பெடல் சத்தத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு அதை விசிறிக்குத் தாரை வார்க்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு காலத்தில் நானும் அதில் ஒருத்தி.

எல்லைதாண்டி:

ஆம்ப் வாங்கினேன். இரண்டு தடவை. அதைப் பற்றி வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

நடுநிசிக்காது:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

தாத்தா, இயர்பேட் ஒரு தடவைகூட மாற்றவில்லை. கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் விபூதி மாதிரி உதிர்ந்தது. பழைய பேடையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது, புதியது பழையதைப் போல இரண்டு மடங்கு உயரம். மாட்டிக் கேட்டேன். பாடகர் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். வாயில் துணி கட்டியது போல என்று எழுதியிருந்தேனே, அதில் பாதி பேடின் வேலை.

அட்டையில் துளை போட்டுச் சத்தத்தையும் சமப்படுத்தினேன். முதல் ராத்திரி 800 எஸ்-ஐக் கூடுதல் சத்தத்தில்தான் கேட்டிருக்கிறேன், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிடலாம் என்று தம்பியை உட்கார வைத்தேன். நடக்கவில்லை. தலையில் வைத்த மாத்திரத்தில் பிடியிலிருந்தே எது எது என்று தெரிந்துவிடுகிறது. அதனால் வேறு வழி: ஒரு ராத்திரிக்கு ஒரு ஹெட்போன், அதே நான்கு பதிவுகள், அரை மணி நேரம் கழியும் வரை பேனாவைத் தொடுவதில்லை.

குரலுக்கு 600. ஈக்யூ போட்ட 800 எஸ் பக்கத்தில் வந்தது, "ஸ" அடங்கியது, ஆனால் பாடுபவர் என்னவோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். மோனோ பதிவுகளுக்கு மாற எந்தக் காரணமும் இல்லை. மிருதங்கம் ஈக்யூவுக்குப் பிறகு சமம். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன், கொஞ்சம் தெரிகிறது, கொஞ்சம்தான். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 800 எஸ், அதில் வழக்கே இல்லை. பேட் மாற்றிய 600-ல் மூன்று குவியல் நாலு குவியல் ஆனது, ஆட்களாகப் பிரியவில்லை.

என் அலமாரியை எண்ணிப் பார்த்தேன். ஆர்க்கெஸ்ட்ரா பத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்காக நான்கைந்து மடங்கு கொடுக்க இப்போதைக்கு மனமில்லை. நாளைக்கு ரசனை மாறினால் பார்த்துக்கொள்ளலாம்.

அறையில் விசிறி ஓடுகிறது, கண்ணாடிக்காரி. நிறுத்திவிட்டுக் கேட்டேன். 600-லும் அந்தப் பெடல் விரல் நீட்டாமலே கேட்டது.

நண்பர் ஞாயிறு வருகிறார். அதற்குள் அந்த ஆர்க்கெஸ்ட்ரா பதிவை முழுசாக ஒரு தடவை 800 எஸ்-ல் கேட்டுவிட வேண்டும்.