மறுமொழி: லேப் ஸ்டீல் கிட்டாரில் கையில் பிடிக்கும் ‘பார்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை நேற்றிரவு ஒருசேர உட்கார்ந்து படித்தேன். கேள்வியைக் கிளப்பியவன் நான்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: லேப் ஸ்டீல் என்பது மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார். இடக்கை விரலால் தந்தியை அழுத்துவது கிடையாது. கனமான ஓர் உருளையைத் தந்திகளின் மேல் படியவைத்து நகர்த்துவோம். அந்த உருளைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

நான் இதைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. பழைய சாதாரணக் கிட்டார் ஒன்றின் தலைப்பக்கம் உயரமான கட்டை ஒன்றைச் செருகித் தந்திகளைத் தூக்கி வைத்திருக்கிறேன். அக்கா மகளும் கூட உட்கார்ந்து பழகுகிறாள். அவளுக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதப்போய்த்தான் சொல் இல்லாமல் நின்றேன்.

> எஃகு மடி கிட்டார், எஃகுத் தண்டு. நேரடியாகவே இருக்கிறதே, போதாதா?

போதாது என்பது என் எண்ணம். ஆங்கிலப் பெயரில் இருக்கும் ‘ஸ்டீல்’ கருவியைக் குறிக்கவில்லை, கையிலிருக்கும் உருளையைக் குறிக்கிறது. ஹவாயில் ஓவாஹு தீவுக்காரர் ஜோசப் கெகுக்கு, 1880-களின் கடைசியில், பள்ளி மாணவராக இருந்தபோது இதைப் பழகினார். ரயில் பாதையோரம் கிடந்த மரையாணி ஒன்று தற்செயலாகத் தந்தியில் பட்டு எழுந்த ஒலிதான் தொடக்கம் என்று கதை சொல்வார்கள். பிறகு பள்ளிப் பட்டறையிலேயே தனக்கேற்ற இரும்புத் துண்டைச் செய்துகொண்டார். பெயர் அந்தத் துண்டிலிருந்து வந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிட்டாரும் மடியில் வைத்து வாசிப்பதுதான். வாணலி மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம்! அதை ‘எஃகு கிட்டார்’ என்று தமிழில் எழுதினால் படிப்பவர் எதை நினைப்பார்? நான் கடையில் போய் ‘ஸ்டீல் கிட்டார்’ என்று கேட்டபோது, எஃகுத் தந்தி போட்ட சாதாரணக் கிட்டாரை எடுத்து நீட்டினார்கள். தவிர, உருளை எல்லாமே எஃகும் இல்லை. கண்ணாடியில் இருக்கிறது, பித்தளையில் இருக்கிறது, பீங்கானில் இருக்கிறது.

> ஹவாய்க்காரர்களே ஒலிபெயர்த்துத்தானே ‘கீக்கா கிலா’ என்கிறார்கள்? நாமும் ‘ஸ்டீல் பார்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

உண்மைதான் அக்கா. கிட்டாரைக் கீக்கா என்றும் ஸ்டீலைக் கிலா என்றும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். ‘கிட்டார்’ என்ற சொல்லை நானும் தொடப்போவதில்லை, அது நம்முடையதாகி வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் தந்தியின் மேல் எதையாவது நகர்த்தி வாசிக்கும் பழக்கமே இல்லாத ஊரா நம்முடையது? வீணை போன்ற கோட்டுவாத்தியம் இருக்கிறதே. இது அடுத்த மடலுக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிறது.

> கோட்டுவாத்தியத்தில் ‘கோடு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஐயா, உங்கள் மடலைப் படித்தவுடன் விவாதமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு பொருத்தம். கோடு என்றால் மரக்கிளை, கொம்பு, யானைத் தந்தம். மரக்கிளையில் பூப்பதைக் கோட்டுப்பூ என்கிறோம். கிளைத்துண்டு போன்ற உருளையால் வாசிப்பதால் கோட்டுவாத்தியம். அதை வாசித்த வித்துவான் நாராயண ஐயங்கார் (1903–1959) பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்ட சொல் அது. வீணைக்குள்ள 24 மெட்டு (தந்தியை அழுத்திப் பிடிக்கும் குறுக்குப் பட்டை) அதற்குக் கிடையாது. கருங்காலி உருளையோ இப்போது டெஃப்லான் உருளையோ தந்திமேல் வழுக்கிச் செல்லும். செயல்முறையில் நம் மடிக் கிட்டாருக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

மறுநாள் காலையிலேயே அந்தச் சொல்லைப் பாடக்குறிப்பில் போட்டேன். “கோட்டை ஏழாம் கோட்டின் மேல் வை” என்று எழுதியிருந்தேன். அக்கா மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, எந்தக் கோட்டை எந்தக் கோட்டு மேல?”

அங்கேதான் சிக்கல். இந்தக் கிட்டாரில் மெட்டுகள் வேலை செய்வதில்லை, வெறும் அடையாளக் கோடுகளாகக் கிடக்கின்றன. பல கருவிகளில் அவற்றை வண்ணத்திலேயே தீட்டிவிடுகிறார்கள். இன்றைக்குக் கோடு என்றால் எல்லோருக்கும் வரைகிற கோடுதான். பெரிய வித்துவானுக்குக் குழப்பம் வராது. முதல் வாரத்தில் இருக்கும் ஒருவருக்கு மிக முக்கியமான ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். கட்டை என்றும் சொல்லமுடியாது. ‘எத்தனை கட்டையில் சேர்த்திருக்கிறாய்’ என்று சுருதியைக் கேட்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. கருவியின் பழம்பெயராகக் கோட்டுவாத்தியம் அப்படியே நிற்கட்டும், புதிய கருவியின் உருளைக்கு அதை இழுத்துவர வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

> சறுக்குக்கோல்?

இதற்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. கர்நாடக இசையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை ‘ஜாரு’ என்கிறோமே, அந்தத் தெலுங்குச் சொல்லுக்கும் வழுக்குதல் என்றுதான் பொருள். ஆனால் தமிழில் சறுக்கினால் பிடி போயிற்று என்று அர்த்தம். யானைக்கும் அடி சறுக்கும் என்போம். ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் சுரத்தில் போய் நிற்கவேண்டிய கைக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

> சிலப்பதிகாரத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று எட்டு இசைக்கரணங்கள் இருக்கின்றன. ‘உந்துகோல்’ எனலாம்.

கானல்வரியில் வரும் அந்த எட்டு வாசிப்பு முறைகளையும் நானும் ஆசையோடு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவை யாழுக்கு உரியவை. யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. ஒரே நரம்பின் நீளத்தை உருளையால் குறைத்தும் கூட்டியும் சுரம் பிறப்பிக்கும் வேலை அங்கே இல்லை. இல்லாத பொருளை அந்தச் சொற்களின் தலையில் ஏற்றினால் இரண்டு பக்கமும் கெடும்.

இப்போது நான் கொண்டுவந்திருக்கும் சொல்: இழைகோல்.

ஒரு பாடகர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் விட்டுப்போகாமல் குரலைக் கொண்டுபோனால் ‘இழைந்து பாடினார்’ என்கிறோம். தச்சர் மரத்தின் மேல் ஓட்டுவது இழைப்புளி. பட்டும் படாமலும் மேற்பரப்பை ஒட்டியபடி நகர்வது என்ற பொருள் இரண்டிலும் உயிரோடு இருக்கிறது. எழுதுகோல், அளவுகோல், ஊன்றுகோல் வரிசையில் இதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘இழை என்றால் நூல்தானே, இந்த மடற்குழுவிலேயே உரையாடலை இழை என்கிறோமே’ என்று கேட்பீர்கள். நூலால் ஆன கோல் என்றால் ‘இழைக்கோல்’ என்று வல்லினம் மிகும். இங்கே இழை என்பது வினை, சேர்ந்து வருவது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல ஒற்று மிகாது. ஆகவே தட்டச்சும்போது தயவுசெய்து ‘க்’ சேர்த்துவிடாதீர்கள். ஒரே ஒரு புள்ளியெழுத்து பொருளையே மாற்றிவிடும்.

ஒரு சொல் நல்லதா என்பதை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் பார்க்கவேண்டும். திருத்திய பாடக்குறிப்பு இது:

“ஆறு தந்திகளையும் ஸ–ப–ஸ–க–ப–ஸ என்று சேர்த்துக்கொள். (‘டி’ சுருதி. வழக்கமான சுருதியிலிருந்து எந்தத் தந்தியையும் ஏற்றவேண்டியதில்லை, நான்கை இறக்கினால் போதும், பழைய கருவிக்கு ஆபத்தில்லை.) இழைகோலைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடி, சுட்டுவிரல் மேலே படியட்டும். ஏழாம் மெட்டுக்கோட்டுக்கு நேர் மேலே வை. தந்தியை அழுத்தாதே, கோலின் கனமே போதும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கோலுக்குப் பின்னால் தந்திகளைத் தொட்டபடி கூடவே வரட்டும். இப்போது மேல் தந்தியை மீட்டு: பஞ்சமம். ஒலி அடங்குமுன் பன்னிரண்டாம் மெட்டுக்கோடு வரை இழை: மேல் ஷட்ஜம்.”

இதை அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்தாள். ‘நேர் மேலே’ என்பதை மட்டும் நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். சாதாரணக் கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம், கோட்டின் மேலேயே நிற்கவேண்டிய பழக்கம் கைக்கு வர நாளாகும். போதாக்குறைக்குக் கருவி மடியில் கிடப்பதால் கண் சாய்வாகப் பார்க்கிறது. கோல் கோட்டின் மேல் இருப்பதுபோலவே தெரியும், சுரம் கால் விரற்கடை தள்ளி நிற்கும். முதல் மூன்று மாதம் என் பஞ்சமம் எல்லாம் ஒரு சொட்டு இறங்கியே இருந்தது. தலையைக் குனிந்து கோலுக்கு நேர் மேலிருந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் சரியாயிற்று. இப்போது தம்புரா ஒலியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறேன். காது கண்டுபிடித்த பிறகு கண்ணைத் திறந்து கோட்டைப் பார்ப்பது.

‘மெட்டுக்கோடு’ என்ற சொல்லும் மேலே நுழைந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். மெட்டு என்றால் வீணையில் மெழுகின் மேல் நிற்பது, விரலுக்குத் தட்டுப்படுவது. இங்கே அது நிற்கவேண்டிய இடத்தின் அடையாளம் மட்டும். அதற்காகத்தான் கோட்டையும் சேர்த்தேன். கருவிக்கு ‘மடிக் கிட்டார்’ போதும். கோலைச் சாய்த்துப் பிடித்து இரண்டு தந்திகளில் வெவ்வேறு மெட்டுக்கோடுகளைத் தொடும் வித்தைக்கு ‘சாய்வு’ என்றே எழுதுகிறேன், கோலின் முனை போகும் பக்கத்தைப் பொறுத்து முன்சாய்வு, பின்சாய்வு. இதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நம்புகிறேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. கோலுக்குப் பின்னால் இரண்டு விரல்கள் தந்தியைத் தொட்டபடி வருகின்றனவே, அந்த வேலைக்கு என்ன பெயர்? அவை தொடாவிட்டால் கோலுக்கும் தலைப்பக்கத்துக்கும் இடையில் உள்ள தந்தித்துண்டும் சேர்ந்து அதிர்ந்து, கூடவே ஒரு கிறீச்சிடல் வரும். ‘பின்னடக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. ‘பின்விரல் தழுவல்’ என்று எழுதினால் தந்தியை அமைதிப்படுத்தும் வேலை சொல்லில் வரவில்லை. கோட்டுவாத்தியம் வாசிப்பவர்களோ அவர்களிடம் பயின்றவர்களோ இந்தக் குழுவில் இருந்தால், பாடம் நடக்கும்போது உங்கள் ஆசிரியர் அந்த விரல்களைப் பார்த்து என்ன சொல்லுவார் என்று எழுதுங்கள். அவர் வாயில் வந்த சொல் எதுவானாலும் அதையே குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மடிக் கிட்டார் பழகுபவன்