மூன்று வயதுக்கு முன் பட்ட கஷ்டம் பதினாறு வயதில் போய்விடுமா?

தெருவிளக்கு:
1966-ல் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாத வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அரசுக் காப்பகங்களில் போய்ச் சேர்ந்தார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அழுதால் தூக்க ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடந்த குழந்தைகள்.

அவர்களில் இங்கிலாந்துக்குத் தத்துப்போனவர்களை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் ஏறக்குறைய மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனம் நிலைக்காததும், முன்பின் தெரியாதவரோடு சட்டென ஒட்டிக்கொண்டு போவதும் நல்ல வீடு கிடைத்த பிறகும் நீடித்தன. மனச்சோர்வும் பதட்டமும் சிறுவயதில் பெரிதாகத் தெரியவில்லை. பதின்வயதில் தலைகாட்டி, இருபதைத் தாண்டியதும் கூடின. ஆரம்பத்தில் கெட்டது கெட்டதுதான் என்பது என் கட்சி.

அரைகுறை:
அதே ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் கிடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் பிரச்சினை இல்லை. அதை வசதியாக விட்டுவிட்டீர்களே சார்!

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் நடந்த ஆய்வையும் பாருங்கள். நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 136 காப்பகக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். 8 வயதிலிருந்து 16 வரை பார்த்தால், குடும்பத்துக்குப் போனவர்களின் மனநலச் சிக்கல்கள் குறைந்துகொண்டே வந்தன. மற்றவர்களுக்கு அதே உயரத்தில் நின்றன. கெட்டது கெட்டதுதான் என்றால் இது எப்படி?

மாமரம்:
இடையில் ஒரு கேள்வி. மீதிப் பாதிப் பேரைக் காப்பகத்திலேயே விட்டுவைத்ததா ஆராய்ச்சி?

அரைகுறை:
அப்போது ஊரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை அக்கா. ஆய்வாளர்கள்தான் 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு அரசு பிறகு வீடு பார்த்துக் கொடுத்தபோது யாரும் தடுக்கவில்லை. பலர் அப்படிப் போனார்கள்.

மாமரம்:
கேட்கும்போதே மனசு ஒப்பவில்லை. சரி, நீங்கள் தொடருங்கள்.

தெருவிளக்கு:
குறைந்தது, சரி. ஆனால் சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் நிலைக்கு வந்தார்களா? வரவில்லை.

அரைகுறை:
அந்த மிச்சத்துக்கு முதல் இரண்டு ஆண்டு மட்டும்தான் காரணமா? ஒரே வளர்ப்பு வீட்டில் நிலைத்தவர்கள் 12 வயதில் நன்றாக இருந்தார்கள். இடையில் வீடு மாறியவர்கள் அப்படி இல்லை. பிறகு நடப்பதும் கணக்கில் வருகிறது.

தெருவிளக்கு:
அமைதியான பிள்ளையை எந்த வீடும் வைத்துக்கொள்ளும். முரண்டு பிடிப்பவனைத்தான் திருப்பி அனுப்புவார்கள். வீடு மாறியதால் சிக்கலா, சிக்கலால் வீடு மாறியதா? முதலில் சீட்டுக் குலுக்கியது சரி, யார் எந்த வீட்டில் நிலைத்தார் என்பதற்குக் குலுக்கவில்லையே.

பேச்சியம்மா பேரன்:
இது நல்ல கேள்வி. பிள்ளையின் குணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வீட்டு நிலைமை மாறிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடி மக்கள் 1990-களின் பிற்பாதியில் சூதாட்ட விடுதி திறந்து, லாபத்தில் ஒரு பகுதியை இனத்தார் எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். ஜேன் காஸ்டெல்லோ குழு அங்குள்ள பிள்ளைகளை 1993 முதலே கவனித்து வந்தது. வறுமையிலிருந்து வெளியேறிய வீடுகளில் அடங்காமையும் அடிதடியும் குறைந்து, ஏழையாக இல்லாத பிள்ளைகள் அளவுக்கு வந்தன. அவர்கள் கைக்குழந்தைகள் இல்லை. ஆய்வு தொடங்கும்போதே ஒன்பது வயதைத் தாண்டியவர்கள்.

தெருவிளக்கு:
மனச்சோர்வு?

பேச்சியம்மா பேரன்:
அதிலும் பதட்டத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஒளிக்கவில்லை. பணம் வந்ததும் பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது, அதுதான் வேலை செய்தது என்பது அவர்கள் விளக்கம்.

தெருவிளக்கு:
அப்போ பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. ஆனால் வறுமை வேறு, தூக்க ஆளே இல்லாதது வேறு. ருமேனியாவே 2005-ல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப வயது முக்கியம் என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதானே?

மாமரம்:
அந்தச் சட்டத்தில் கடுமையான ஊனமுள்ள குழந்தைகளுக்கு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். உங்கள் கட்சிப்படி பார்த்தால் முதலில் வெளியே வர வேண்டியவர்கள் அவர்கள்தானே தம்பி?