மேக்ரோ படத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? காசுக் கையேட்டுக்கு அவசரமாகத் தேவை

ஈரோட்டிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கல்லூரியில் பழங்காசு சேர்க்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். பொன், வெள்ளிக் காசுகளை மிக நெருங்கிப் படமெடுப்பது எப்படி என்று ஒரு கையேடும் தயார். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். 'மேக்ரோ போட்டோகிராஃபி' வருகிற இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். 'நுண் ஒளிப்படம்' என்று போடலாம் என்றால், அதை நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படத்துக்கு வைத்திருக்கிறோம் என்கிறார்கள் விலங்கியல் துறையில். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். படித்தவுடன் விளங்குகிற ஒரு சொல் வேண்டும்.

கோவையிலிருந்து:

'அண்மைப் படம்' போதுமே. எளிமையாக இருக்கிறது.

கோபியிலிருந்து:

> 'அண்மைப் படம்' போதுமே.

நாளிதழ் படிக்கிறவருக்கு அது அண்மையில் எடுத்த படம். சினிமாக்காரர்கள் க்ளோசப்புக்கு 'அண்மைக் காட்சி' என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு முகத்தை நெருங்கி எடுப்பதும் ஒரு காசின் எழுத்தை நெருங்கி எடுப்பதும் ஒரே வேலை அல்ல.

கரூரிலிருந்து:

ஈரோட்டுத் தம்பிக்கு வணக்கம். அண்மை வேண்டாமென்றால் அதன் உடன்பிறப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அணுக்கம். 'அண்' என்பது வேர். அண்டுதல், அண்டை, அண்மை, அணைதல், அணுகுதல் எல்லாம் அதன் கிளைகள். உடம்பை ஒட்டிக் கிடப்பதால்தான் நகைக்கு அணி என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. அரசனுக்கு நெருங்கியவன் அணுக்கன். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் இன்றும் இருக்கிறது. ஆகவே 'அணுக்கப் படம்'.

காசை நெருங்கிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. குறுந்தொகை 67-இல் அள்ளூர் நன்முல்லை காட்டுவதைப் பாருங்கள். கிளியின் வளைந்த அலகில் ஒரு வேப்பம்பழம். புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தில் பற்றிய பொற்காசு போல இருக்கிறதாம் அது. 'பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்' என்கிறார். நகநுனியும் காசும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நெருக்கம். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கே நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்தவர்கள் நாம். சொல்லுக்கு வெளியே போக வேண்டியதில்லை.

திருப்பூரிலிருந்து:

கரூர் ஐயாவுக்கு வணக்கமுங்க. அணுக்கம் நல்ல சொல்தான். ஆனால் அதில் அளவு இல்லை. மேக்ரோவுக்குக் கறாரான வரையறை ஒன்று உண்டு. காசின் உண்மை அளவும், கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடான சென்சாரின் மேல் விழும் உருவத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று. கிரேக்கத்தில் மேக்ரோ என்ற சொல்லுக்கு நீண்டது, பெரியது என்று பொருள். நிக்கான் கம்பெனியோ தன் மேக்ரோ லென்ஸுக்குச் சிறியது என்று பொருள்படும் 'மைக்ரோ' என்றே பெயர் வைத்திருக்கிறது. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத பெயரை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? நடப்பதைச் சொல்லிவிடுவோம்: 'நேரளவுப் படம்'.

பொள்ளாச்சியிலிருந்து:

திருப்பூர் தம்பி, உங்கள் வரையறை காசின் மேல் வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. விக்டோரியா வெள்ளி ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 30.5 மி.மீ. பெரிய சென்சாரின் உயரமே 24 மி.மீ. தான். நேரளவில் எடுத்தால் ராணியின் உச்சியும் கழுத்தும் வெட்டுப்படும். காசு முழுதாக அடங்க முக்கால் அளவுக்கு இறங்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் சிறிய சென்சார் 16 மி.மீ. உயரம்கூட வராது. அதில் ரோமாபுரி வெள்ளி தினாரியஸே அடங்காது. மறுபக்கம் நம் ஊர்ப்பக்கம் கிடைக்கிற வீரராயன் பணம் ஏழெட்டு மி.மீ. பொன். அது படச்சட்டத்தை நிறைக்க நேரளவுக்கும் மேலே இரண்டு மூன்று மடங்கு போக வேண்டும். ஒரே மேசையில் ஒரே மத்தியானத்தில் எடுத்த மூன்று படங்களுக்கு மூன்று பெயர் வைப்பதா?

எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது நெருக்கமும் அது கொண்டுவரும் சிக்கலும்தான். 1842-இல் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் இருந்தவை போன்ற, ரோமப் பேரரசன் திபேரியஸின் காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலை நன்றாகப் புடைத்திருக்கும். நேரளவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கன்னத்தில் குவித்தால் ஓரத்து எழுத்து மங்கும், எழுத்தில் குவித்தால் கன்னம் மங்கும். குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் வெளிச்சம். அமராவதி ஆற்றில் கிடைத்த, சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசில் தலைக்கு மேலே தமிழ் பிராமியில் பெயர் இருக்கும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெள்ளி பளீரென்று திரும்பி எழுத்தை விழுங்கிவிடும். விளக்கைப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்த்தி வையுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேட்டுக்கும் ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழும், 'மா' தனியாக எழுந்து நிற்கும். பளபளப்பு குறையாத பொற்காசு என்றால் வேறு வழி: லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து, பக்கத்து விளக்கின் ஒளியை அதன் வழியாகக் காசின் மேல் இறக்க வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் சேர்த்துத்தான் பெயர் கேட்கிறோம். எனக்கு அணுக்கம் சரி.

கையேட்டில் இதையும் சேர்த்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்: படத்துக்காகக் காசைத் துலக்கக் கூடாது. வெள்ளிச் சாமானுக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் பழங்காசையும் தேய்த்துவிடுகிறார்கள். அந்தக் கருமை வெள்ளியும் கந்தகமும் காலப்போக்கில் சேர்ந்து உண்டான படலம். தேய்க்கும்போது அதோடு மேற்பரப்பும் போய்விடும், நுண்கீறல் விழும். நெருங்கிய படத்தில் அந்தக் கீறல்தான் முதலில் தெரியும்.

கோபியிலிருந்து:

அக்கா சொன்ன வேலையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். பெயர்தான் எனக்கு ஒட்டவில்லை. அணுக்கப் படம் என்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளை அணுவைப் படம் பிடிப்பதாக நினைக்கும். சவரன் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் தங்கக் காசின் பெயர். பவுனும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் எத்தனை பவுன் என்று பேசுகிறோம், யாருக்கும் அது அயல்சொல்லாகத் தோன்றுவதில்லை. மேக்ரோவை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? கேமராவில் பூச்சின்னம் போட்ட பொத்தானைத் தேடும் பிள்ளைக்கு மேக்ரோதான் வழிகாட்டும்.

கரூரிலிருந்து:

அணுகுமுறை என்கிறோம். அணுகுசாலை என்று நெடுஞ்சாலையில் பலகை இருக்கிறது. அது அணுமின் நிலையத்துக்குப் போகும் சாலை என்று யாராவது வண்டியைத் திருப்பியதுண்டா? பவுன், சவரன் எல்லாம் காசோடு கைமாறிக் கைமாறி வந்த பெயர்கள். யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூறு சொல்கிறது. பொருளோடு வரும் பெயரை நான் தடுக்கவில்லை. செய்முறைக்கு நம்மிடமே வினைச்சொல் இருக்கும்போது அதை விட்டுவிடுவதுதான் என் வருத்தம்.

கோவையிலிருந்து:

ஒரு ஐயம். ஒளிப்படமா, புகைப்படமா, நிழற்படமா? அதை முதலில் தீர்த்துக்கொண்டால்...

மட்டுறுத்துநர்:

அதற்குப் பழைய இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

ஈரோட்டிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அணுக்கத்துக்குத்தான் ஆதரவு கூடுதல். தலைப்பில் 'காசுகளின் அணுக்கப் படம்' என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் பூச்சின்னத்தை அச்சிட்டு, கேமராவில் இதுவே மேக்ரோ என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். பொள்ளாச்சி அக்காவின் திருநீற்று எச்சரிக்கை கட்டம் கட்டி வரும்.

கோபியிலிருந்து:

சரி, அச்சிடுங்கள். ஆனால் வகுப்பில் பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். என் வாக்கு மேக்ரோவுக்குத்தான்.

திருப்பூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேனுங்க. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவைச் சொல்ல ஒரு சொல் வேண்டும், அதற்கு 'நேரளவு' கையேட்டில் இருந்தே ஆக வேண்டும். லென்ஸ் வாங்கப் போகிற பிள்ளை அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காசுக்குப் பக்கத்தில் மி.மீ. அளவுகோல் வைத்து ஒரு படம் எடுக்கவும் சொல்லுங்கள்.

கரூரிலிருந்து:

நேரளவுக்கு என் தடையில்லை. மெய்ப்பு வந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள் தம்பி. அச்சகத்தில் 'அணுக்க படம்' என்று 'ப்' என்னும் ஒற்றெழுத்தை விழுங்கிவிடுவார்கள்.