ஜேம்ஸ் ஹில் மட்டும் வேறு இனமா? அமெரிக்க ரயில் அதிபர்கள் குறித்து ஒரு விவாதம்

தண்டவாளன்:

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ரயில் அதிபர்களைப் பற்றி எழுதுவோர் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிக் ‘கொள்ளைக்காரச் சீமான்கள்’ என்று பெயர் எழுதிவிடுகிறார்கள். அரசின் பணத்தை நம்பித் தடம் போட்டவர்களையும், சரக்கு எங்கே விளைகிறது என்று தேடித் தடம் போட்டவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம், கிழக்கிலிருந்து தடம் போட்ட யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து தடம் போட்ட சென்ட்ரல் பசிபிக் ஆகிய இரு நிறுவனங்களும் போட்டு முடித்த ஒவ்வொரு மைலுக்கும் சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசுக் கடன் பத்திரங்களை அளந்து கொடுத்தது. வழியோர நிலம் அதற்கு மேல். மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மைல்தான் விளையும். 1869-இல் யூட்டாவில் இரு தரப்பின் மண்வேலைக் குழுக்களும் எதிரெதிரே வந்தபோது நிற்காமல், ஒன்றையொன்று தாண்டி, பக்கத்திலேயே இன்னொரு மண்மேட்டை நெடுந்தூரம் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே இணைய வேண்டும் என்பதில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே தலையிட வேண்டியதாயிற்று.

செயின்ட் பால் நகரத்து ஜேம்ஸ் ஹில்லின் கதை வேறு. அவருடைய கிரேட் நார்தர்ன் தடம் பசிபிக் கரையை நோக்கிச் செல்லக் கூட்டாட்சி அரசிடம் நிலக்கொடை வாங்காமல், குடியேறிகளை அழைத்து வந்து, சரக்கு சேரச் சேர மேற்கே நகர்ந்து 1893-இல் முடிந்தது. ஏற்றம் குறைவான மரியாஸ் கணவாயை அவருடைய பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ் 1889 டிசம்பர்ப் பனியில் நடந்தே கண்டறிந்தார். ஏற்றம் குறைந்தால் கரிச் செலவு குறையும் என்பது சொந்தப் பணம் போட்டவனுக்குத்தான் உறைக்கும். 1893 பொருளாதார நெருக்கடியில் யூனியன் பசிபிக்கும் நார்தர்ன் பசிபிக்கும் சான்டா ஃபேயும் திவாலாக, கிரேட் நார்தர்ன் நிமிர்ந்து நின்றது.

பழையகணக்கர்:

தணிக்கை வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் ஒரு பழக்கம் விடாது: கணக்கின் முதல் பக்கத்தைக் கேட்பேன். ஹில்லின் முதல் பக்கம் 1878-இல் தொடங்குகிறது. அவரும் கூட்டாளிகளும் நொடித்துப்போன செயின்ட் பால் அண்ட் பசிபிக் நிறுவனத்தின் பத்திரங்களை டச்சு முதலீட்டாளர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். அந்த நிறுவனத்தோடு மின்னசோட்டாவில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலக்கொடையும் சேர்ந்தே வந்தது. அந்த நிலத்தை விற்ற வருவாய் இல்லாமல் மேற்கே நகர்ந்திருப்பாரா? மேலும், வட மொன்டானாவில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஊடாகத் தடம் போட 1887-இல் காங்கிரஸ் அவருக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. இதற்கு மானியம் என்று பெயரில்லை, அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம். அரசு கொடுத்த பத்திரங்கள் தானம் அல்ல, முப்பது ஆண்டுக் கடன். இழுபறிக்குப் பிறகு வட்டியோடு திரும்பியது. நிலக்கொடை பெற்ற தடங்கள் அரசுச் சரக்கைக் குறைந்த கட்டணத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சலுகை 1946 வரை நீடித்தது. ஆகவே மானியம்தான் நோய் என்பது கணக்கில் நிற்கவில்லை.

திருட்டு நடந்த இடம் வேறு. யூனியன் பசிபிக்கை ஆட்டிவைத்தவர்களே கிரெடி மொபிலியர் என்ற கட்டுமான நிறுவனத்தையும் கையில் வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ரயில் நிறுவனம் கூடுதல் விலை கொடுத்துக் கடனாளியாகும். கட்டுமான நிறுவனம் அதே பணத்தை லாபமாகப் பங்கு பிரிக்கும். இரண்டு பைகளும் ஒரே சட்டையில் இருந்தன. கேள்வி எழாதிருக்க, மாசசூசெட்ஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஓக்ஸ் ஏம்ஸ் சக உறுப்பினர்களுக்கு அந்தப் பங்குகளைச் சலுகை விலையில் கொடுத்தார். 1872-இல் நியூயார்க் நாளேடு ஒன்று இதை அம்பலமாக்கியது. மறு ஆண்டு பிரதிநிதிகள் அவை அவரைக் கண்டித்ததோடு விட்டது.

அரசு நிலத்தில் ஒரு காணிகூட வாங்காத ஈரி ரயில்வேயைப் பாருங்கள். 1868-இல் இன்னொரு ரயில் அதிபரான வாண்டர்பில்ட் அதன் பங்குகளை வாங்கிக் குவிக்க, ஈரியின் இயக்குநர்களான டேனியல் ட்ரூ, ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க் மூவரும் புதிது புதிதாகப் பங்குகளை அச்சடித்து அவரிடமே விற்று, கைதுக்கு அஞ்சிப் பணத்தோடு ஆற்றைக் கடந்து ஜெர்சி சிட்டிக்குப் போனார்கள். பிறகு கூல்ட் ஆல்பனியில் உள்ள நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் பணத்தோடு சென்று அந்தப் பங்குகளைச் சட்டபூர்வமாக்கினார். நிலக்கொடையே பெறாத இந்த நிறுவனத்தை உங்கள் எந்த மூட்டையில் கட்டுவீர்கள்?

கயல்விழி:

இரண்டு ஐயாக்களும் பத்திரத்தையும் பங்கையும் பற்றியே பேசுகிறீர்கள். கிரேட் நார்தர்ன் நெருக்கடியில் ‘நிமிர்ந்து நின்றது’ என்றீர்கள், தண்டவாளன். யாருடைய தோளில் என்று சொல்லவில்லை. ஹில் கூலியைத் திரும்பத் திரும்பக் குறைத்தார். 1894 ஏப்ரலில் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸின் அமெரிக்க ரயில்வே சங்கம் அந்தத் தடத்தையே பதினெட்டு நாள் நிறுத்தி வைத்தது. நடுவர் தீர்ப்பில் தொழிலாளர் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. அதாவது வெட்டிய கூலி தேவையால் வெட்டப்பட்டதன்று, முடியும் என்பதால் வெட்டப்பட்டது.

சென்ட்ரல் பசிபிக்கில் 1867 ஜூனில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சியரா நெவாடா மலையில் வேலையை நிறுத்தி, வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டபோது, கட்டுமானப் பொறுப்பாளர் சார்லஸ் க்ரோக்கர் முகாமுக்குப் போகும் உணவை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

எனக்கு இவற்றைவிடச் சொல்லத் தோன்றுவது கப்ளிங். அக்காலத்துச் சரக்கு வண்டியில் பெட்டியைப் பெட்டியோடு மாட்ட, பிரேக்மேன் எனப்படும் வண்டித் தொழிலாளி இரண்டுக்கும் நடுவே நின்று, வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்டி, பெட்டிகள் மோதும் கணத்தில் ஆணியை இறக்க வேண்டும். விரல் குறைந்த கையைப் பார்த்தே அனுபவசாலி என்று கண்டுகொண்டார்களாம். எலி ஜேன்னி தானியங்கி இணைப்புக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893-இல்தான் வந்தது. அதற்கும் அவகாசம் நீண்டு 1900-இல்தான் முழுதாக நடைமுறையானது. இருபத்தேழு ஆண்டுகள்! இந்த விஷயத்தில் மானியம் வாங்கிய நிறுவனமும் வாங்காத நிறுவனமும் ஒன்றாகவே காத்திருந்தன.

தண்டவாளன்:

கப்ளிங் பற்றிய செய்திக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மின்னசோட்டா நிலத்தை நான் குறிப்பிடாமல் விட்டதும் தவறுதான், ஐயா. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். சரக்குக் கட்டணம் அந்த நூற்றாண்டின் பின்பாதி முழுவதும் இறங்கிக்கொண்டே வந்தது. அகன்ற சந்தை கிடைத்ததால்தான் கார்னகியின் எஃகும் ராக்கஃபெல்லரின் மண்ணெண்ணெயும் அந்த அளவில் மலிந்தன. பெருநிறுவனம் என்ற அமைப்பையே ரயில்தான் கற்றுக்கொடுத்தது. கார்னகியே பென்சில்வேனியா ரயில்வேயில் தாமஸ் ஸ்காட்டின் கீழ்த் தொழில் பயின்றவர்.

பழையகணக்கர்:

கட்டணம் இறங்கியது உண்மை. எல்லாருக்கும் ஒரே அளவில் இறங்கியதா என்பதே கேள்வி. இரண்டு மூன்று தடங்கள் போட்டியிடும் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்கு ஏற்றும் தானியத்துக்குக் குறைந்த கட்டணம். வழியில் ஒரே தடம் உள்ள ஊர் உழவனுக்குக் குறைந்த தூரத்துக்கே கூடுதல் கட்டணம். இதைத்தான் 1887-ஆம் ஆண்டு மாநிலங்களிடை வணிகச் சட்டம் தடுக்க முயன்றது.

ராக்கஃபெல்லர் உதாரணம் உங்களுக்கே எதிரானது. 1872-இல் சவுத் இம்ப்ரூவ்மென்ட் நிறுவனத்தின் வழியாக அவர் ரயில்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, தம் எண்ணெய்க்குத் தள்ளுபடி கிடைப்பதோடு, போட்டியாளர் ஏற்றும் எண்ணெய்க்கும் ஒரு பங்கு அவர் கணக்கில் சேரும். எதிரி கட்டும் வாடகையில் எனக்குக் கமிஷன்! எண்ணெய்ப் பகுதியினரின் எதிர்ப்பால் அது செயலுக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. ஆனால் அந்த அச்சுறுத்தல் நிலவிய சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 அவர் கைக்கு வந்துவிட்டன.

உங்கள் ஹில்லுக்கும் வருகிறேன். 1901-இல் அவரும் வங்கியாளர் மார்கனும் யூனியன் பசிபிக்கின் ஹாரிமனும் சேர்ந்து கிரேட் நார்தர்ன், நார்தர்ன் பசிபிக், பர்லிங்டன் ஆகிய மூன்று ரயில் நிறுவனங்களையும் நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். சந்தையை நம்பியவர் போட்டியை நம்பவில்லை. 1904-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைக் கலைத்தது.

தண்டவாளன்:

அதே மூன்று ரயில்களும் 1970-இல் பர்லிங்டன் நார்தர்ன் என்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு இணைந்தன, ஐயா. அப்படியானால் ஹில் அறுபத்தொன்பது ஆண்டு முந்திவிட்டார் என்பதுதானே குற்றம்?

பழையகணக்கர்:

1904-இல் மொன்டானா உழவனின் கோதுமைக்கு வேறு வழி இல்லை. 1970-இல் அவன் வாசலில் லாரி நின்றது.