சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு அடர் கலர் அடிக்கலாமா?

பறக்கைக்காரி:
எங்கள் தெருவில் பழைய ஓட்டு வீடுகள் பதினொன்று மிச்சம் இருக்கின்றன. வாசல் திண்ணையான படிப்புரை, பலா மரத்தூண், உள்ளே அரங்கு அறை எல்லாம் அப்படியே. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. கோயில் கொடைத் திருவிழாவுக்குள் தெரு முழுக்க அடர் கலர் அடிப்பதாக ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஒரு வீடு வாடாமல்லி, அடுத்தது கிளிப்பச்சை, அதற்கடுத்தது மாம்பழ மஞ்சள். பையன்கள் அல்பேனியா நாட்டுத் தலைநகர் திரானாவின் படத்தைக் காட்டினார்கள். 2000-ல் அங்கே மேயரான எடி ராமா, சாம்பல் பூத்துக் கிடந்த அடுக்குமாடிகளுக்குக் கலர் அடிக்க வைத்தவர். எனக்கும் அந்தப் படம் பிடித்தது. ஆச்சி இருந்த வீடு பளிச்சென்று இருந்தால் சந்தோஷம்தான்.

பயம் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான். மூன்று வருஷம் முன்னால் எமல்ஷன் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது இடுப்பு உயரம் வரை சுவர் கொப்புளித்து நிற்கிறது. விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்குகிறது, கூடவே காரையும் மணலாகக் கொட்டுகிறது. கலரும் வேண்டும், சுவரும் வேண்டும். வழி உண்டா?

தக்கலை கொத்தன்:
உண்டு தங்கச்சி. கலர் மேல் தப்பில்லை, பெயிண்ட் மேல்தான். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காரை வழியாக வெளியே விடும். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சுவர் காய நேரமே குறைவு. அதன் மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி எமல்ஷனைப் போர்த்தினால் ஈரமும் உப்பும் உள்ளேயே நின்று காரையைத் தின்றுவிடும். அந்தப் பையன்கள் காட்டினது அடுக்குமாடி, உங்களுடையது காரைச் சுவர். அங்கே சரியானது இங்கே சரியாகாது.

நீற்றின சிப்பிச் சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, வடிகட்டி, அதிலேயே கலர்ப்பொடி கலக்குங்கள். காவி, மஞ்சள் காவி, ஆக்சைடு பச்சை எல்லாம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். வாடாமல்லி பெரும்பாலும் வெளுத்துவிடும், அதை விட்டுவிடுங்கள். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று நான்கு கை அடிக்க வேண்டும். ஈரத்தில் கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறும். அதனால் முதலில் ஒரு ஓரத்தில் அடித்துக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எமல்ஷன் இருந்தால் முழுக்கச் சுரண்டாமல் சுண்ணாம்பு பிடிக்காது. அடிச்சுவரில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடி காரை பூசுங்கள்.

கோட்டாறு மணி:
அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கணும். கூட்டத்தில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் சண்டை வரும். இன்னொன்று, தூணுக்கும் கதவுக்கும் எனாமல் அடிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை எண்ணெய்தான், பலா மரம் அப்படியே நிற்கிறது.

பறக்கைக்காரி:
நன்றி அண்ணாச்சி, நன்றி மணி. நேற்று மீட்டர் பெட்டிக்குப் பின்னால் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளை, வெள்ளை, அப்புறம் ஒரு இளநீலம், எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல மஞ்சள் காவி! வெள்ளை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. இந்த வீடு முதலிலேயே கலர் வீடுதான்.

போட்டோ எடுத்துக் கூட்டத்தில் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு அதே மஞ்சள் காவி, மற்ற வீடுகளும் முதலில் சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வேலை கொடைக்கு அவசரமாக இல்லை, மழை விட்டுத் தை மாதத்தில். சுண்ணாம்பு நாளைக்கு நீற்றப் போடுகிறேன்.