ஜப்பான்காரர்கள் சொன்னது மறுப்பா, அவகாசமா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெங்களூர் பீன்யாவில் 9 பேருடன் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். போன மாதம் நகோயாவிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து, ஒவ்வொரு மிஷினாக நின்று கேள்வி கேட்டார்கள். கிளம்பும்போது "கென்தோ ஷிமாசு" என்றார்கள். 'பரிசீலிக்கிறோம்' என்று அர்த்தமாம். ஆர்டரே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் பதிலே இல்லை. மூன்று மெயில் போட்டேன், கடைசியில் விலையையும் குறைத்தேன். பிறகுதான் ஒருவர் சொன்னார், அந்தச் சொல் பல நேரம் மரியாதையான மறுப்பு என்று. ஆனால் அங்கே முடிவெடுக்கும் முன் சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசி இணங்க வைக்கும் 'நெமவாஷி' என்ற வழக்கமும் உண்டு. மரத்தை இடம் மாற்றி நடும் முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதுதான் அந்தச் சொல்லின் மூலம். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சும் இப்படித்தானே நடக்கிறது! அதற்கு நாளாகும்தான்.

இதில் என் நிலை எது? ஜப்பான் நிறுவனங்களுடன் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். விலையைக் குறைத்ததால் தரத்தில் சந்தேகம் வந்திருக்குமா? இன்னொரு மெயில் போடலாமா, பொறுக்கலாமா? மெயிலைத் திருத்தித் தர ஜப்பானிய மொழி தெரிந்தவர் இங்கே இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், கட்டணம் தந்துவிடுகிறேன்.