பொருள்: மறு: 'கப்பல் கைது' – வேறு சொல் வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பண வழக்கில் நீதிமன்றம் ஒரு கப்பலைப் போகவிடாமல் நிறுத்திவைப்பதை ஆங்கிலத்தில் 'ship arrest' என்கிறார்கள். தமிழில் அதைக் 'கப்பல் கைது' என்றே சொல்லலாமா, வேறு சொல் வேண்டுமா என்பதுதான் நம் பேச்சு.

"நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்டன, கப்பல் கைது என்றே இருக்கட்டும்" என்று தூத்துக்குடி நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பழக்கத்தில்தான் சிக்கல். அவர் ஊரிலேயே 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகியோ' கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துக் கொண்டுவந்தது. அதிலிருந்த 35 பேர்மீது ஆயுதச் சட்டத்தில் வழக்கு, கைது, சிறை, 2016இல் தண்டனை, 2017இல் மதுரைக் கிளையில் விடுதலை. அங்கே கைது என்ற சொல் சரி.

2025 ஜூலையில் விழிஞ்ஞத்தில் நின்ற 'எம்எஸ்சி அகிடெட்டா 2' கப்பலைக் கேரள உயர் நீதிமன்றம் போகவிடாமல் நிறுத்தியதையும் கைது என்றால் எப்படி? அந்தக் கப்பலில் யாரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது 'எம்எஸ்சி எல்சா 3'. அந்தச் சேதத்துக்காக 9,531 கோடி ரூபாய் கேட்டுக் கேரள அரசு வழக்குப் போட்டது. மூழ்கிய கப்பலைப் பிடித்து வைக்க முடியாது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதைப் பிடித்தார்கள்.

சட்டத்தில் இதன் நோக்கம் ஒன்றே: ஈடு, அதாவது வரவேண்டிய பணத்துக்குப் பிணை, வாங்குவது. கப்பல் முதலாளி எங்கோ ஒரு நாட்டில் இருப்பார், இங்கே அவருக்குச் சல்லிக்காசு சொத்து இருக்காது. கப்பல் மட்டும் வந்து போகும், அதுவும் ஓரிரு நாள். அதனால் அவரிடமிருந்து பணம் வரவேண்டியவர் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார். நீதிமன்ற ஆணையைக் கப்பலில் ஒட்டுகிறார்கள், துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் தகவல் போகிறது, புறப்பாட்டு அனுமதி நின்றுவிடுகிறது. முதலாளி வங்கி உத்தரவாதமோ, எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் பி அண்டு ஐ கிளப் எனும் கப்பல் முதலாளிகளின் காப்பீட்டுச் சங்கத்தின் கடிதமோ கொடுத்ததும் கப்பல் போய்விடும். வழக்கு அந்த ஈட்டின்மேல் தொடரும். 'எம்.வி. எலிசபெத்' வழக்கில் சரக்கு ஏறியது மர்மகோவாவில், கப்பல் பிடிபட்டது விசாகப்பட்டினத்தில். 1861ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடல்வழக்குச் சட்டத்தோடு நம் உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் முடிந்துவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சொன்னது அந்த வழக்கில்தான். அதையும் அதுபோன்ற பழைய சட்டங்களையும் நீக்கிய புதுக் கடல்வழக்குச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

சரி, கைது வேண்டாம் என்றால் வேறு எது? கையில் இருக்கும் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. பறிமுதல் சுங்கத்துறையுடையது, அதில் பொருள் அரசுக்கே போய்விடும். ஜப்தி என்பது பெரும்பாலும் தீர்ப்புப் பணத்தை வசூலிக்க. கப்பல் கைது பற்றிய 1952ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் பன்னாட்டு உடன்படிக்கை, தீர்ப்பை நிறைவேற்றக் கப்பலைக் கைப்பற்றுவது கப்பல் கைதில் சேராது என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. 'சிறைபிடிப்பு' என்று எழுதினால் இராமேசுவரத்துப் படகுகளும் இலங்கைக் கடற்படையும்தான் நினைவுக்கு வரும். உயிர்காப்புப் படகு பழுது, தீயணைப்புக் கருவி வேலை செய்யவில்லை என்று துறைமுக ஆய்வாளர்கள் நிறுத்துவது தடுத்துவைப்பு. குறையைச் சரிசெய்தால் போகலாம், ஈட்டுக்கு அங்கே வேலையே இல்லை. இவை போதாதென்று வரிக்காகவும் கப்பல் நிற்கும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, வெளிநாட்டுக் கப்பலின் சரக்குக் கட்டணத்தில் 7.5 விழுக்காட்டை வருமானமாகக் கொண்டு வரி போட்டது. வரியைக் கட்டாமலோ அதற்கு ஏற்பாடு செய்யாமலோ புறப்பாட்டு அனுமதி கிடைக்காது. அதையும் நம் செய்தியாளர்கள் 'கப்பல் கைது' என்று எழுத எத்தனை நேரமாகும்?

யாழ்ப்பாணத்து ஐயா 'கப்பல் மறியல்' என்றார். எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே விளக்கமறியல் என்றால் வழக்கு முடியுமுன் காவலில் வைப்பது, பொருள் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஐயா, தமிழ்நாட்டில் சாலை மறியல், ரயில் மறியல் பார்த்தே வளர்ந்தோம். கப்பல் மறியல் என்றால் கொடியோடு கட்டுமரத்தில் போய் நிற்கிறார்கள் என்றுதான் படிப்பார்கள்.

அப்புறம் வந்த பரிந்துரையான 'பிணைமறிப்பு' நோக்கத்தையும் சொல்லிவிடுகிறது. தொல்லை எழுத்தில். நீதிமன்றச் செய்திகளில் 'பிணை மறுப்பு' தினமும் வருகிறது. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு நொடியில் 'திருத்தி'விடுவார், தீர்ப்பே தலைகீழாகும்.

ஆகவே என் பரிந்துரை 'ஈட்டுமறிப்பு'. நகையை ஈடு வைப்பது எல்லோருக்கும் தெரியும். வினையாக்கவும் தடுமாற வேண்டாம்: "சென்னை உயர் நீதிமன்றம் கப்பலை ஈட்டுக்கு மறித்தது", "ஈட்டுக்கு மறித்த கப்பலில் மாலுமிகள் சம்பளமின்றி இருக்கிறார்கள்", "தவறான ஈட்டுமறிப்புக்கு இழப்பீடு". இரண்டாவது வாக்கியத்துக்காகவே இந்தச் சொல் வேண்டும் என்பேன். 2021இல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்ட 'எவர் கிவன்' கப்பல் ஜூலை வரை அங்கேயே நிறுத்தப்பட்டபோது கப்பலில் இருந்த 25 இந்திய மாலுமிகளையே கைது செய்துவிட்டார்கள் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். கால்வாய் ஆணையம் கேட்டது கப்பல் முதலாளியிடம், 91.6 கோடி டாலர்.

மாற்றுச்சொல் தருபவர்கள் வினைவடிவில் ஒரு முழு வாக்கியமும் சேர்த்து அனுப்புங்கள். பெயர்ச்சொல்லாக மட்டும் அழகாக இருப்பவை நிறையப் பார்த்தாகிவிட்டது.

பி.கு.: அகிடெட்டா போல அதே குழுமத்தின் இன்னொரு கப்பலுக்குச் 'சகோதரிக் கப்பல்' வேண்டாம், 'உடன்கலம்' போதும். கலம் பழசாகிவிட்டது என்பவர்கள் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் உள்ள, இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கட்டும். சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்து கெட்டால் பாதி பண்டாரத்துக்கு (அரசின் கருவூலத்துக்கு), பாதி உடையவனுக்கு. ஆனை, குதிரை ஏற்றியதானால் பண்டாரத்துக்குக் கால் பங்குதான். 12ஆம் நூற்றாண்டிலேயே கப்பல் சட்டத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். கப்பல் முதலாளிக்குக் 'கலமுடையவர்' என்ற சொல்லையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.